கல்லைத் தூக்கிய கை எது?

கல் நிற்கிறது. 4,500 ஆண்டுகளாக நிற்கிறது. மன்னர்கள் வந்தனர், மாய்ந்தனர். மதங்கள் வந்தன, மாறின. அந்தக் கல்லை நட்டவர் பேசிய மொழிகூட மண்ணோடு மண்ணாயிற்று. இங்கிலாந்து நாட்டின் சால்ஸ்பரி சமவெளியிலே, காற்றும் மழையும் பனியும் மோதி மோதிப் பார்த்தும், பாதி சாய்ந்தும் பாதி நிமிர்ந்தும் அந்தக் கற்கள் நிற்கின்றன. ஸ்டோன்ஹெஞ்ச் என்று அவற்றுக்குப் பெயர்.

அவற்றின் படத்தை ஒருநாள் வகுப்பறைச் சுவரில் மாட்டினோம். எட்டாம் வகுப்பு, வரலாற்றுப் பாடம். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இதை மனுசங்களா தூக்கி வச்சாங்க? மந்திரம் இல்லாம முடியுமாய்யா?" என்றான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் ஏறத்தாழ 900 ஆண்டுகளாக அந்நாட்டின் ஏடறிந்தோரும் மன்னர் அவையோரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் கேட்டது குற்றமன்று. கேட்டுவிட்டுத் தந்த விடைகளைத்தான், தோழர்களே, நாம் சற்று நின்று நோக்கவேண்டும்.

முதலில் அங்கே இருப்பது என்ன என்று பார்ப்போம். கி.மு. 3000 அளவில் வட்டமாக ஓர் அகழியும் கரையும் வெட்டினார்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 110 மீட்டர். கரையின் உட்புறத்தை ஒட்டி 56 குழிகள். கி.மு. 2500 அளவில் பெருங்கற்கள் வந்தன. 30 தூண்கள் கொண்ட வட்டம். அத்தூண்களின் தலைமேல் வளையமாக மேற்கற்கள். வட்டத்தினுள்ளே, இரு தூணும் ஒரு மேற்கல்லுமாக ஐந்து பெருவாயில்கள், குதிரை லாட வடிவிலே. பெருங்கல் ஒன்றின் எடை சராசரி 25 டன். இவற்றிடையே, இரண்டு முதல் ஐந்து டன் எடையுள்ள சிறு கற்கள், நீலக்கற்கள் என்பர்.

மேற்கல் நழுவாதிருக்கத் தூணின் தலையிலே முளை. மேற்கல்லின் அடியிலே அதற்கேற்ற துளை. ஒரு மேற்கல்லும் அடுத்த மேற்கல்லும் சேருமிடத்திலே நாக்கும் காடியும். நம்மூர்த் தச்சர் மரத்திலே செய்யும் வேலையை அந்த மக்கள் கல்லிலே செய்திருக்கின்றனர். இரும்பு இல்லாத காலம் அது. கல்லைக் கொண்டே கல்லைத் தட்டித் தட்டி, அந்த முளையைச் செதுக்கினார்கள்.

இப்படிப்பட்ட வேலையைக் கண்டவன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "எத்தனை கைகள் உழைத்தனவோ!" என்று வியந்திருக்கவேண்டும். எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்?

கி.பி. 1130 அளவில் ஹன்டிங்டன் ஊர் ஹென்றி என்ற வரலாற்றாசிரியர், இக்கற்களை எவ்வாறு உயர்த்தினர், ஏன் உயர்த்தினர் என்பது எவருக்கும் விளங்கவில்லை என்று எழுதினார். மதகுரு வகுப்பைச் சேர்ந்தவர்தான். ஆயினும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே மான்மத் ஊர் ஜெஃப்ரி வந்தார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை! அரக்கர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குச் சுமந்து வந்த கற்களாம் அவை. பிரிட்டிஷ் மன்னன், இறந்த தன் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டுமென்றானாம். 15,000 பேர் சென்று, கயிறு கட்டி இழுத்துப் பார்த்துக் களைத்தார்களாம். மெர்லின் என்ற மந்திரவாதி சிரித்தானாம். தன் வித்தையால் கற்களை எளிதிலே பெயர்த்துக் கப்பலேற்றினானாம்.

கதையின் உள்ளே இருக்கும் கருத்தைக் கவனியுங்கள். பதினைந்தாயிரம் பேரின் தோள்வலி பயனற்றது. ஒரே ஒருவனின் வித்தை பயனுள்ளது! உழைக்கும் கூட்டம் தோற்கிறது, மந்திரவாதி சிரிக்கிறான்! கல்லைப் பற்றிய கதையா இது? கல் சுமந்தவனை ஏளனம் செய்யும் கதை. இந்தக் கதையை அந்நாட்டார் பல நூற்றாண்டுகள் வரலாறென்றே நம்பினர்.

மந்திரவாதி மறைந்ததும் வேறொருவர் வந்தார். 1620இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் அந்தக் கற்களைக் கண்டு வியந்து, தன் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்சிடம் ஆராயச் சொன்னான். அவர் ஆய்வு, அவர் மறைந்தபின், 1655இல் நூலாயிற்று. உள்நாட்டுப் பழங்குடிகள் காட்டுமிராண்டிகள். அவர்களுக்கு இத்தகைய அறிவு ஏது? ஆகவே இது ரோமானியர் கட்டிய கோயில் என்றார் அவர். 1663இல் சார்ல்ட்டன் என்ற மருத்துவர், டேனிஷ்காரர்கள் தம் மன்னருக்கு முடிசூட்டக் கட்டிய மன்றம் என்றார். அப்போது இரண்டாம் சார்லஸ் அரியணை திரும்பி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன! நூலும் அந்த மன்னனுக்கே காணிக்கை!

ஜான் ஆப்ரி என்பவர் 1666இல் அங்கே நேரில் அளந்தார்; வட்டக் குழிகள் சிலவற்றைக் கண்டார். அவர் பெயரால்தான் அந்த 56 குழிகளும் இன்று ஆப்ரி குழிகள் எனப்படுகின்றன. இக்கற்கள் ரோமானியருக்கு முற்பட்ட உள்நாட்டாருடையவை என்ற அவர் கூற்றிலே உண்மை இருந்தது. ஆனால் அந்த உள்நாட்டாரில் யாருக்குக் கொடுப்பது? ட்ரூயிட் எனப்படும் பூசாரிகளுக்குக் கொடுத்தார். 1740இல் வில்லியம் ஸ்டூக்லி அதையே பெருநூலாக்கினார். ஜூலியஸ் சீசர் எழுதிய அந்தப் பூசாரிக் கூட்டத்துக்கும், கல் நட்ட காலத்துக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகள் என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தும், வெள்ளை அங்கி அணிந்து, ட்ரூயிட் வழிவந்தோர் என்று சொல்லிக்கொண்டு, கோடையின் விடியலிலே அங்கே சடங்கு செய்வோர் இன்னமும் உள்ளனர்.

மந்திரவாதி, பேரரசு, மன்னன், பூசாரி! இந்த நால்வருக்கும் கல் பங்கு வைக்கப்பட்டது. கயிறு பிடித்தவன் எங்கே? உள்ளங்கை தேய்ந்தவன் எங்கே? பட்டியலிலே அவனுக்கு இடமில்லை.

"அது பழங்காலம், அறிவியல் வந்தபின் அப்படியா?" என்று கேட்பீர்கள். 1953 ஜூலையில், பேராசிரியர் ரிச்சர்டு அட்கின்சன் ஒரு தூணிலே குறுவாளின் வடிவம் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். கிரேக்க நாட்டு மைசீனியின் வாளைப்போல இருக்கிறதே என்று எண்ணம் ஓடிற்று. அவ்வளவுதான்! மத்தியதரைக் கடல் நாகரிகத்துச் சிற்பி ஒருவன் வந்து வழிகாட்டியிராவிட்டால், இந்த நாட்டுப்புறத்தார் இதைச் செய்திருக்க முடியுமா என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கிற்று. மெர்லின் மேலங்கியைக் கழற்றிவிட்டு மைசீனி உடையில் வந்துவிட்டான்!

அவனை வெளியேற்றியது எது தெரியுமா? ஒரு கரித்துண்டு. உயிருள்ளவை இறந்தபின் அவற்றின் கதிரியக்கக் கரி, கணக்கான வேகத்தில் குறைந்துகொண்டே போகும். எஞ்சியதை அளந்தால் ஆண்டு தெரியும். வில்லர்டு லிப்பி என்ற அமெரிக்க அறிஞர் கண்ட முறை இது. 1960இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. ஆப்ரி குழியொன்றின் கரியை அளந்து, 1952இல் கி.மு. 1848, முன்பின் 275 ஆண்டுகள் என்றனர். பின்னர், மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, அளவுகோலையே அளந்து பார்த்தபோது, அது காலத்தைக் குறைத்துக் காட்டிவிட்டது என்று தெரிந்தது. திருத்தினார்கள். இன்று, அகழி கி.மு. 3000 என்றும், பெருங்கற்கள் கி.மு. 2500 என்றும் கணிக்கிறார்கள். மைசீனி தழைத்ததோ கி.மு. 1600க்குப் பின். பிறக்காத ஆசான் எப்படிப் பாடம் சொல்லியிருப்பான்?

இனி, கற்களின் திசைக்கு வருவோம். இங்கேதான் அறிவாளிகளும் வழுக்கி விழுந்திருக்கின்றனர்.

ஸ்டோன்ஹெஞ்சின் நடுக்கோடு ஒரு பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலிலே ஞாயிறு எழும் இடத்தையும், மறுபக்கம் மிகக் குறுகிய பகலிலே ஞாயிறு மறையும் இடத்தையும் நோக்குகிறது. இதை முதலில் சுட்டியவர் ட்ரூயிட் கதை சொன்ன அதே ஸ்டூக்லிதான். பிழை சொன்னவர் வாயிலும் உண்மை வரும். அதை ஏற்பதே நேர்மை. இந்த நடுக்கோட்டை ஆராய்ச்சியாளர் இன்று ஏற்கின்றனர்.

1901இல், சர் நார்மன் லாக்கியர், கதிரொளியிலே ஹீலியத்தின் கோட்டைக் கண்ட பேரறிஞர், அந்தத் திசையை அளந்து காலத்தைக் கணிக்க முயன்றார். பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மெல்ல மாறுவதால், ஞாயிறு எழும் புள்ளியும் நூற்றாண்டுகளில் சிறிது நகர்கிறது. ஆகவே கோட்டின் திசை தெரிந்தால் ஆண்டு தெரியும் என்றார். கி.மு. 1680, முன்பின் 200 ஆண்டுகள் என விடை வந்தது. கணக்கிலே பிழையில்லை. ஆனால் கட்டியவர்கள் ஞாயிற்றின் மேல்விளிம்பு தோன்றும் கணத்தைக் குறித்தார்களா, முழுவட்டும் எழுந்த கணத்தைக் குறித்தார்களா? அவர்கள் சொல்லிச் செல்லவில்லை. லாக்கியர் தாமே ஒன்றை வைத்துக்கொண்டார். கோடும் தேய்ந்த மண்கரையில் அளந்த கோடு. அதற்கு அருகே சென்ற தொலைக்குன்றின் திசையையே இறுதியில் கணக்குக்கு எடுத்தார். நுண்ணிய கருவி, மங்கிய இலக்கு! விடை 800 ஆண்டுகள் தவறிற்று.

1963இல், வானியலறிஞர் ஜெரால்டு ஹாக்கின்ஸ், அந்நாளிலே அதிசயமாயிருந்த கணிப்பொறியிடம் அங்குள்ள கற்களும் குழிகளுமான 165 புள்ளிகளைக் கொடுத்தார். ஞாயிறும் திங்களும் எழும், விழும் எல்லைகளை நோக்கிப் பல கோடுகள் கிடைத்தன. 56 குழிகளும் கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லும் கருவியென்றார். உலகமே வியந்தது. கணிப்பொறி சொன்னபின் மறுப்பார் உண்டா? இருந்தார். 1966இல், அதே அட்கின்சன், எதை எதோடு சேர்த்தீர், ஏன் சேர்த்தீர், வெவ்வேறு காலத்துக் குழியையும் கல்லையும் ஒரே கோட்டில் எப்படிக் கோத்தீர் என்று கேட்டார். மைசீனி பற்றி வழுக்கியவர் இங்கே உறுதியாக நின்றார். அந்தக் குழிகள் பலவற்றுள் கிடைத்ததோ, எரியூட்டிய மனிதரின் எலும்பு. அவை இறந்தவருக்குரிய இடம் என்பதைக் கணிப்பொறியிடம் எவரும் சொல்லவில்லை.

இதை மாணவர்க்கு விளக்க நாம் ஒரு வழி செய்தோம். முப்பது புளியங்கொட்டைகளை ஒரு பையனிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பள்ளி முற்றத்தில் வீசச் சொன்னோம். விழுந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டு, இரண்டிரண்டாக நூல் பிடித்துப் பார்த்தார்கள். 30 புள்ளிகளுக்கு 435 கோடுகள். ஒன்று காலைக் கதிரை நோக்கிற்று. ஒன்று கோயில் கோபுரத்தை நோக்கிற்று. ஒன்று தலைமையாசிரியர் அறையை நோக்கிற்று! "வீசினவன் வானநூல் அறிஞனா?" என்றோம். "இல்லைங்கய்யா, புளியங்கொட்டை நெறைய இருந்துச்சு!" என்றான் அதே பின்வரிசைப் பையன். 165 புள்ளிகளுக்கு 13,530 கோடுகள். நாம் வேறென்ன சொல்ல?

அப்படியானால் அந்த நடுக்கோட்டின் பொருள்தான் என்ன? வானத்தைப் பார்த்துச் சொன்னவர் பலர். மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் டரிங்டன் வால்ஸ் என்ற இடம். பேராசிரியர் மைக் பார்க்கர் பியர்சன் குழுவினர் அங்கே வீடுகளின் தரைகளையும் அடுப்புகளையும் கண்டனர். பன்றி எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பற்களைக் கொண்டு வயதைக் கணித்தால், பல பன்றிகள் ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் கொல்லப்பட்டவை. வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் என்றால், நடுக்குளிர்காலம்! அப்படியானால் மக்கள் பெருந்திரளாய்க் கூடி உண்டது குளிர்காலத்தில். ஞாயிறு மிகத் தாழ்ந்து, இனி ஏறத் தொடங்கும் அந்த மாலையைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தனர் என ஆய்வாளர் கருதுகின்றனர். கோடையில் கூடுவோர் கிழக்கே பார்க்க, கட்டியவர்கள் மேற்கே பார்த்திருக்கலாம்!

இந்த ஆய்விலே நம் நெஞ்சைக் கவர்ந்த பெயர் ரமிலிசோனினா. மடகாஸ்கர் தீவின் தொல்பொருள் ஆய்வாளர். எங்கள் நாட்டிலே கல் இறந்தவருக்கு, மரம் வாழ்வோருக்கு என்று அவர் எடுத்துக்காட்டினார். கல் வட்டம் முன்னோர்க்கு, மரத்தூண் வட்டங்கள் உள்ள டரிங்டன் வாழ்வோர்க்கு என்ற கருத்து 1998இல் அவர் துணையால் எழுந்தது. முற்ற முடிந்த முடிபென்று அதைச் சொல்லமாட்டோம். ஆனால் பாருங்கள்: ஆப்பிரிக்கக் கரையோரத்துத் தீவிலிருந்து வந்தவர், ஐரோப்பியரின் கல்லுக்குப் பொருள் சொல்கிறார். அறிவுக்கு நிறம் உண்டா? பிறப்பு உண்டா?

கற்கள் வந்த வழியும் இன்று தெரிகிறது. நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டுப் பிரசெலி மலைகளிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவை என்று 1923இல் தாமஸ் என்ற பாறையியலார் நிறுவினார். பெருங்கற்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கேயுள்ள வெஸ்ட் வூட்ஸ் பகுதியின் கற்கள் என்பது 2020இல் வெளிப்பட்டது. நடுவே கிடக்கும் ஆறு டன் பலிபீடக் கல்லும் வேல்சிலிருந்தே வந்தது என்று ஏடுகள் எழுதின. நாமும் அவ்வாறே பாடம் சொன்னோம். 2024 ஆகஸ்டில், அக்கல்லின் துகள்களை ஆராய்ந்தவர்கள், அது ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியது, குறைந்தது 750 கிலோமீட்டர் தொலைவு என்றனர்.

மறுநாள் வகுப்பிலே, "சென்ற முறை நாம் சொன்னது தவறு" என்று கரும்பலகையில் அழித்து எழுதினோம். உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார்: "வாத்தியாரே தப்புன்னு சொன்னா, பசங்க மதிப்பாங்களா?" நாம் சொன்னோம்: தவறை ஒப்புக்கொள்ளாத ஏட்டுக்குப் புராணம் என்று பெயர், ஒப்புக்கொள்ளும் ஏட்டுக்கு அறிவியல் என்று பெயர்.

தூக்கிய வழி? 1954இல் அட்கின்சன், நீலக்கல் அளவிலே சிமெண்டுக் கல்லொன்று வார்த்து, பள்ளி மாணவர்களைக் கொண்டு படகிலே ஆற்றில் ஏற்றியும், சறுக்குச் சட்டத்தில் நிலத்தில் இழுத்தும் காட்டினார். மந்திரம் ஓதவில்லை; மாணவர்கள் இழுத்தார்கள், கல் நகர்ந்தது! மெர்லின் சிரித்தானாம். அந்தப் பிள்ளைகளும் சிரித்திருப்பார்கள்!

ஆகவே மந்திரத்தை விரட்டிவிட்டோம், வேலை முடிந்ததா? இல்லை, இளைஞர்களே! இன்னொரு மாயை உண்டு. அது நமக்கே இனிப்பானது. "எங்கள் முப்பாட்டன் கட்டினான்" என்ற பெருமை. இங்கிலாந்திலும் அது உண்டு. ஆனால் பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டவர்கள் சொன்னது என்ன? பெருங்கற்கள் எழுந்தபின், சில நூற்றாண்டுகளில் புதிய மக்கள் வந்து பரவி, அந்நாட்டாரின் மரபில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மாறிப்போயிற்று. கட்டிய மக்களும் அங்கேயே முளைத்தவர்களல்லர். அவர்களின் முன்னோர், தலைமுறை தலைமுறையாக அனத்தோலியாப் பக்கத்திலிருந்து பரவி வந்த உழவர்கள். தூய குருதி என்ற பேச்சைக் கல்லே மறுக்கிறது. வேல்சிலிருந்து ஒரு கல், ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கல், பல திசை மனிதர் கூடி உண்ட ஓர் இடம். பகுத்தறிவு என்பது பிறர் பொய்யை வெட்ட மட்டுமே தீட்டிய வாளன்று. நம் பெருமைப் பேச்சையும் அது சோதிக்கவேண்டும்.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் தேவை. தமிழகத்துக் குன்றோரங்களிலே, பலகைக் கல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழைய ஈமச்சின்னங்கள் எத்தனையோ உள்ளன. சங்கப் பாடல்கள் பதுக்கை என்றும் நடுகல் என்றும் தாழி என்றும் ஈம வழக்கங்களைப் பேசுகின்றன. அவை நம் முன்னோர் தம் மாண்டோருக்கு எடுத்தவை. ஊரார் சொல்லும் பெயரென்ன? பாண்டவர் குழி! குள்ளர் வீடு! வனவாசம் வந்த பாண்டவர் தங்கினராம்! அங்கே மெர்லின், இங்கே பாண்டவர். இரண்டு நாட்டிலும் கல் சுமந்தவன் பெயர்மட்டும் காணோம். அதை மீட்கச் செல்லும் நாமும் கையில் கரித்துண்டோடும் அளவுகோலோடும் செல்லவேண்டும். சான்று சொல்லாததைச் சேர்த்துச் சொன்னால், பாண்டவர் கதை சொன்னவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

1915இல் ஸ்டோன்ஹெஞ்ச் ஏலத்துக்கு வந்தது. சிசில் சப் என்பவர் 6,600 பவுனுக்கு வாங்கினார். 1918இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஒரு தனிமனிதன் விலைகொடுத்து வாங்கியதை மக்களுக்குத் திருப்பித் தர மூன்றாண்டுகள் போதுமாயிருந்தன. கட்டியவன் புகழை, மந்திரவாதியிடமிருந்தும் மன்னனிடமிருந்தும் பூசாரியிடமிருந்தும் மீட்க 800 ஆண்டுகளுக்குமேல் ஆயின.

அந்தப் பின்வரிசைப் பையனின் தந்தை கல்லுடைக்கும் தொழிலாளி என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். பாடம் முடிந்த மாலையிலே அவன் நம்மிடம் வந்து, "அய்யா, எங்கப்பாவும் நாலு பேரும் கடப்பாரை போட்டுப் பெரிய கல்லைப் புரட்டுவாங்க. நான் பாத்திருக்கேன்" என்றான்.

பார்த்திருக்கிறான்! விடை அவன் வீட்டிலேயே இருந்தது. அதை மறந்து மந்திரத்தைத் தேடும்படி அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்கு விடை காணும்வரை நம் வேலை முடியாது.